இளையோரிடம் மனம்விட்டுப் பேச: முதல்முறை முயல்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

உங்களுக்குத் தெரிந்த ஒரு பையனோ பெண்ணோ கொஞ்ச நாளாகச் சரியில்லை என்று தோன்றுகிறது. கேட்கலாமா வேண்டாமா, கேட்டால் எப்படிக் கேட்பது, கேட்டதும் அழுதுவிட்டால் என்ன செய்வது என்று தயங்குகிறீர்கள். அந்தத் தயக்கத்தில் நிற்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் பெற்றோராக இருக்கலாம், ஆசிரியராகவோ விளையாட்டுப் பயிற்சியாளராகவோ இருக்கலாம், அக்காவாகவோ அண்ணனாகவோ இருக்கலாம். இளையோருக்காக ஒரு குழு தொடங்க நினைக்கும் தன்னார்வலராகவும் இருக்கலாம். மனநலம் படித்திருக்க வேண்டியதில்லை.

10 வயது முதல் 19 வயது வரை உள்ளவர்களில் ஏழு பேருக்கு ஒருவர் ஏதோ ஒரு மனநலப் பிரச்சினையோடு இருக்கிறார் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 15 முதல் 29 வயதுவரை உள்ளவர்களின் இறப்புக்கான காரணங்களில் தற்கொலை மூன்றாவது இடத்தில் இருக்கிறது. 2005இல் அமெரிக்காவில் வெளியான ஒரு பெரிய ஆய்வு, வாழ்நாளில் வரும் மனநலக் கோளாறுகளில் பாதி 14 வயதுக்குள்ளும் முக்கால்வாசி 24 வயதுக்குள்ளும் தொடங்கிவிடுவதாகக் கண்டது. அதாவது, பள்ளிப் பையைத் தூக்கிக்கொண்டு போகும் வயதிலேயே இது தொடங்கிவிடுகிறது. ஆனால் ஒரு மருத்துவர் முன்னால் போய் உட்காருவதற்குள் பல பேருக்கு வருடக்கணக்கில் ஆகிவிடுகிறது. இடையில் இருக்கும் அந்த வருடங்களில் அவர்கள் பக்கத்தில் இருப்பது நாம்தான்.

எந்தப் பிள்ளையும் எடுத்த எடுப்பில் எல்லாவற்றையும் கொட்டிவிடாது. ஒரு வார்த்தை சொல்லிப் பார்க்கும், நம் முகத்தைப் பார்க்கும். அந்த முதல் வார்த்தையை நாம் எப்படி வாங்கிக்கொள்கிறோமோ, அதைப் பொறுத்துத்தான் இரண்டாவது வார்த்தை வரும். கீழே சொல்லியிருக்கும் எல்லாமே அந்த இரண்டாவது வார்த்தை வருவதற்கான வழிகள்தான்.

"படித்தவர்களே திணறுகிற விஷயம், நான் என்ன செய்துவிட முடியும்?" என்று நினைப்பவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு. ஜிம்பாப்வே நாட்டில் மனநல மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே இருந்தார்கள். அங்கே டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006இல் ஹராரே நகரத்துப் பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, மருத்துவமனை வளாகத்தில் மர பெஞ்சுகளைப் போட்டு, வருபவர்களிடம் பேசச் சொன்னார். 2016இல் அதை முறையாக ஆய்வு செய்து பார்த்தபோது, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிடப் பாட்டிமார்களிடம் பேசியவர்களுக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் நன்றாகவே குறைந்திருந்தன. சாதாரண மனிதர்கள், கொஞ்சம் பயிற்சி, நிறைய பொறுமை. அவ்வளவுதான் அங்கே இருந்தது.

1. என்ன மாறியிருக்கிறது என்று பாருங்கள்

எப்போதும் அமைதியாக இருக்கும் பிள்ளை அமைதியாக இருப்பதில் கவலைப்பட ஒன்றுமில்லை. ஓயாமல் பேசிக்கொண்டிருந்த பிள்ளை வாயை மூடிக்கொண்டால்தான் யோசிக்க வேண்டும். அதனால் அறிகுறிப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒப்பிடாதீர்கள். மூன்று மாதத்துக்கு முன் அதே பிள்ளை எப்படி இருந்தது என்று நினைவுபடுத்தி, அதோடு ஒப்பிடுங்கள்.

தூக்கம், சாப்பாடு, நண்பர்கள், பிடித்த பொழுதுபோக்கு: இந்த நான்கில் பெரும்பாலும் முதலில் தெரியும். பரிசோதனையில் காரணம் பிடிபடாத தலைவலி, வயிற்றுவலி அடிக்கடி வரலாம். வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்றாமல் இருப்பது சில நேரங்களில் கையில் உள்ள காயங்களை மறைப்பதற்காக இருக்கும். ஆசையாக வைத்திருந்த பொருள்களைத் திடீரென்று மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுவது அவசரமாகக் கவனிக்க வேண்டிய அறிகுறி.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். மனச்சோர்வு என்றால் மூலையில் உட்கார்ந்து அழுவது என்று நாம் நினைத்துவைத்திருக்கிறோம். இளையோரிடம் அது பல நேரம் எரிச்சலாக, சட்டென்று வெடிக்கும் கோபமாகத்தான் வெளியே தெரியும். நாம் அதற்குத் திமிர் என்று பெயர் வைத்துத் தண்டித்துவிடுகிறோம். ஏற்கெனவே தன்னை வெறுத்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அந்தத் தண்டனை "நீ நினைத்தது சரிதான்" என்று சொன்ன மாதிரி ஆகிவிடுகிறது.

இரவு வெகுநேரம் விழித்திருப்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். பருவ வயதில் தூக்கத்தைத் தூண்டும் மெலடோனின் சுரக்கும் நேரமே தள்ளிப்போகிறது. அது உடம்பின் இயல்பு. 13 முதல் 18 வயதுவரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்பதால், காலையில் எழுந்திருக்க முடியாமல் திணறுவதும் இயல்புதான். படுத்தும் தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருப்பது, விடியற்காலை மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு யோசித்தபடி கிடப்பது, இவை வேறு. இப்படிப்பட்ட மாற்றங்கள் இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் தொடர்ந்தால், பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது. சாவைப் பற்றிய பேச்சோ தன்னைக் காயப்படுத்திக்கொண்ட தடமோ தெரிந்தால் அந்த இரண்டு வாரத்துக்கும் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே பேசுங்கள்.

2. பேசுவதற்கு முன்

யாரிடம் அனுப்புவது என்று முன்பே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் உள்ள மனநல மருத்துவர் ஒருவர், உளவியல் ஆலோசகர் ஒருவர், உதவி எண் ஒன்று. இதைப் பதற்றமான நேரத்தில் தேடக் கூடாது. இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவிச் சேவை) எண் 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது, அதில் தமிழிலும் பேசலாம். இலங்கையில் 1926, சிங்கப்பூரில் 1767, அமெரிக்காவிலும் கனடாவிலும் 988, பிரிட்டனில் 116 123, ஆஸ்திரேலியாவில் 13 11 14. நீங்கள் இருக்கும் நாட்டின் எண்ணை இப்போதே போனில் சேமித்துவிட்டு மேலே படியுங்கள்.

அப்புறம், உங்கள் மனநிலையையும் பாருங்கள். கோபமாகவோ களைப்பாகவோ இருக்கும் அன்று தொடங்காதீர்கள். சண்டை போட்ட அரை மணி நேரத்தில் "சரி, உனக்கு என்னதான் பிரச்சினை?" என்று கேட்டால் அது சண்டையின் மிச்சமாகத்தான் காதில் விழும்.

3. பேச்சை எடுப்பது

எதிரெதிரே உட்கார வைத்து, கண்ணைப் பார்த்து, "உன்கிட்ட கொஞ்சம் பேசணும்" என்று தொடங்கினால் எந்தப் பிள்ளைக்கும் வயிற்றைக் கலக்கும். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்போது பேசுவது எளிது. நடந்துபோகும்போது, வண்டியில் போகும்போது, பாத்திரம் கழுவும்போது, துணி மடிக்கும்போது. கைக்கு ஒரு வேலை இருந்தால் வாய் தானாகத் திறக்கும். கண்ணைப் பார்க்க வேண்டிய கட்டாயமும் இல்லை. மற்றவர்கள் இல்லாத இடமாக மட்டும் இருக்கட்டும்.

நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள், உங்கள் தீர்ப்பைச் சொல்லாதீர்கள். "நீ இப்பல்லாம் சோம்பேறி ஆயிட்ட" என்பது தீர்ப்பு. "ரெண்டு வாரமா நீ விளையாடப் போகலை, கவனிச்சேன். உடம்புக்கு முடியலையா, இல்ல மனசுக்கு ஏதாவது கஷ்டமா இருக்கா?" என்பது பார்த்தது. இரண்டாவதில் பிள்ளை தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய தேவை இல்லை.

"ஏன்" என்று தொடங்கும் கேள்விகளைக் குறையுங்கள். ஏன் அழுகிறாய், ஏன் போகவில்லை, ஏன் சொல்லவில்லை. நாம் அக்கறையாகக் கேட்டாலும் விசாரணை மாதிரிதான் கேட்கும். "என்ன நடந்தது?", "அப்ப உனக்கு எப்படி இருந்தது?", "எப்பலேர்ந்து இப்படி இருக்கு?" என்று கேட்டுப்பாருங்கள்.

பெரும்பாலும் கிடைக்கும் பதில்: "ஒண்ணுமில்லை." இந்தப் பதிலை என்ன செய்வது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். "ஒண்ணுமில்லாம எப்படி இப்படி இருப்ப?" என்று துருவினால் கதவு இன்னும் இறுகும். "சரி, ஒண்ணுமில்லைன்னா நல்லது" என்று கிளம்பிவிட்டால், கேட்டது கடமைக்காகத்தான் என்று ஆகிவிடும். "சரி. இப்பவே சொல்லணும்னு இல்லை. எப்ப தோணுதோ அப்ப வா, ராத்திரி ஆனாலும் எழுப்பு" என்று சொல்லிவிட்டு, பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுங்கள். பிறகு மூன்று நான்கு நாள் கழித்து மறுபடியும் கேளுங்கள். நான் பார்த்தவரையில் இரண்டாம் முறையோ மூன்றாம் முறையோ கேட்கும்போதுதான் உண்மை வருகிறது. முதல்முறை கேட்டதை அவர்கள் நம்புவதே இல்லை. மறுபடியும் வந்து கேட்பதைத்தான் நம்புகிறார்கள்.

சில பிள்ளைகள் வாயால் சொல்ல மாட்டார்கள், மெசேஜில் கொட்டித் தீர்ப்பார்கள். பக்கத்து அறையிலிருந்தே மெசேஜ் வரும். அதைக் குறையாக எடுத்துக்கொண்டு "நேர்ல சொல்ல வாய் இல்லையா?" என்று கேட்டுவிடாதீர்கள். எந்த வழியில் வந்தாலும் வந்தது வந்ததுதான். அதே வழியில் பதில் எழுதுங்கள். "படிச்சேன். சொன்னதுக்கு நன்றி. வரட்டுமா, இல்ல இப்படியே பேசலாமா?"

இதையெல்லாம்விட முக்கியமானது, கஷ்டம் வராத நாட்களில் நீங்கள் எதைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்பது. மதிப்பெண், போன், அறையைச் சுத்தம் செய்வது, இந்த மூன்றைத் தவிர வேறு எதையும் பேசியே பழக்கமில்லாத வீட்டில், ஒருநாள் திடீரென்று மனசைப் பற்றிப் பேச முடியாது. அவர்கள் பார்க்கும் வீடியோ, கேட்கும் பாட்டு, விளையாடும் கேம், அவர்களுடைய நண்பனின் கதை. ஐந்து நிமிடம் போதும், தினமும் வேண்டும். ஒரு பெரிய பேச்சு செய்ய முடியாததை இந்தச் சின்னப் பேச்சுகள் செய்துவிடும்.

4. கேட்டுக்கொள்வது

பேச்சு வரத் தொடங்கியதும் நம் வாயில் தயாராகக் காத்திருக்கும் சில வாக்கியங்கள் உண்டு. "இதெல்லாம் ஒரு விஷயமா?" "எங்க காலத்துல நாங்க படாத கஷ்டமா?" "உனக்கு என்ன குறை வெச்சோம்?" "நாலு பேருக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பாங்க?" இவற்றில் ஏதாவது ஒன்று வந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. "எல்லாம் சரியாயிடும்" என்பதைக்கூட இந்தக் கூட்டத்தில்தான் சேர்ப்பேன். ஆறுதல் மாதிரி இருந்தாலும், "இதற்கு மேல் சொல்லாதே, என்னால் தாங்க முடியவில்லை" என்றுதான் அது கேட்பவருக்குப் புரிகிறது.

கேட்டதைத் திருப்பிச் சொல்லிப் பாருங்கள். "அப்போ, கிளாஸ்ல எல்லாரும் சிரிச்சது மட்டும் இல்லை, உன் ஃப்ரெண்டும் சேர்ந்து சிரிச்சதுதான் தாங்க முடியல, அப்படியா?" சரியாகப் புரிந்துகொண்டிருந்தால் பிள்ளை தலையாட்டும். தவறாக இருந்தால் திருத்தும். இரண்டுமே நல்லதுதான். நடுவில் மௌனம் வந்தால் வரட்டும். அதை நிரப்பப் பேசாதீர்கள். அந்த நேரத்தில் அவர்கள் அடுத்த வாக்கியத்தைச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பார்கள். அழுதால் அழட்டும். "அழாதே" என்று சொல்ல வேண்டாம், தண்ணீர் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே இருங்கள்.

நம் மனம் தீர்வு சொல்லத் துடிக்கும். குறிப்பாக ஆண்களுக்கும் ஆசிரியர்களுக்கும். அதற்கு ஒரு கேள்வி உதவும்: "நான் கேட்டுக்கிட்டா போதுமா, இல்ல என்ன பண்ணலாம்னு சேர்ந்து யோசிக்கணுமா?" பெரும்பாலான நேரம் முதலாவதுதான் வேண்டியிருக்கும். உங்கள் சொந்த அனுபவத்தைச் சொல்வதாக இருந்தால் இரண்டு வாக்கியத்தில் முடித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது வாக்கியத்தில் கதை உங்களுடையதாகிவிடும்.

காதல் முறிவு, தேர்வில் தோல்வி, பள்ளியில் கேலி, தன் பாலின ஈர்ப்பைப் பற்றிய குழப்பம் என்று எது வெளியே வந்தாலும், "இது தப்பு, இது சரி" என்ற பேச்சை அன்றைக்கு எடுக்காதீர்கள். யாராவது தன்னிடம் தவறாக நடந்துகொண்டதாக ஒரு பிள்ளை சொன்னால், முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: "நான் நம்புறேன். உன் மேல எந்தத் தப்பும் இல்லை. சொன்னது நல்லது." துருவித் துருவி விவரம் கேட்க வேண்டாம், அது குழந்தைகள் பாதுகாப்புக்கென்று இருக்கும் அதிகாரிகளின் வேலை. அவர்களிடம் கொண்டுபோவது உங்கள் வேலை.

பெற்றோருக்கு மட்டும் ஒரு வார்த்தை. சில நேரங்களில் பிள்ளை "நீங்கதான் காரணம்" என்று சொல்லும். இதைவிடக் கடினமான வாக்கியம் ஒரு தாய்க்கும் தந்தைக்கும் இருக்க முடியாது. உடனே நம் தரப்பை எடுத்துச் சொல்லத் தோன்றும். அன்றைக்கு வேண்டாம். "நான் பேசினது உன்னை இவ்வளவு காயப்படுத்தும்னு எனக்குத் தெரியலை. இன்னும் சொல்லு" என்று கேட்க முடிந்தால், அந்த ஒரு மாலையில் பல வருட இறுக்கம் தளர்ந்துபோகலாம். உங்கள் தரப்பு நியாயம் எங்கேயும் போகாது. அதைச் சொல்ல வேறொரு நாள் வரும்.

5. சாவைப் பற்றி நேராகக் கேளுங்கள்

இந்த இடத்தில்தான் எல்லாரும் பின்வாங்குகிறார்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம். அந்தப் பயம் இயல்பானது, ஆனால் தேவையில்லாதது. 2005இல் நியூயார்க் மாநிலத்தின் ஆறு பள்ளிகளில் 2,300க்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்து இதை ஆராய்ந்தார்கள். பாதிப் பேரிடம் தற்கொலை எண்ணம் உண்டா என்று கேட்டார்கள், மற்றவர்களிடம் கேட்கவில்லை. கேட்கப்பட்டவர்களிடம் மனவேதனையும் கூடவில்லை, அந்த எண்ணமும் கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்த மாணவர்களைப் பார்த்தால், கேட்கப்பட்டவர்களிடம்தான் வேதனை குறைவாக இருந்தது.

எப்படிக் கேட்பது என்பதில் கவனம் வேண்டும். "தப்பா எதுவும் யோசிக்கலையே?" என்று கேட்பது நம் பழக்கம். அந்தக் கேள்விக்குள்ளேயே "இல்லை" என்ற பதில் இருக்கிறது. நமக்கு அந்தப் பதில்தான் வேண்டும் என்று பிள்ளைக்கும் தெரியும், அதனால் அதையே சொல்லிவிடும். "தவறான முடிவு" என்ற சொல்லும் அப்படித்தான். வேதனையில் இருப்பவரைக் குற்றவாளி ஆக்கிவிடுகிறது. நேராக, மெதுவாக, பதறாமல் கேளுங்கள்: "இவ்வளவு கஷ்டத்துல இருக்கும்போது சிலருக்குச் செத்துப்போயிடலாம்னு தோணும். உனக்கு அப்படித் தோணியிருக்கா?"

"ஆமாம்" என்று பதில் வந்தால் உங்கள் நெஞ்சு படபடக்கும். முகத்தில் காட்டிக்கொள்ளாமல் இருக்கப் பாருங்கள். கத்துவது, அழுவது, "உங்க அம்மாவை நினைச்சுப் பார்த்தியா?" என்று கேட்பது எதுவும் வேண்டாம். "சொன்னது நல்லது. இவ்வளவு நாள் தனியா இதைச் சுமந்திருக்க" என்று சொல்லுங்கள். பிறகு மேலும் கேளுங்கள். எப்படி என்று யோசித்ததுண்டா? எப்போது என்று முடிவு செய்ததுண்டா? அதற்கான பொருள் கையில் இருக்கிறதா? இதற்கு முன் முயன்றதுண்டா? திட்டமும் நேரமும் பொருளும் தெளிவாக இருந்தால் அது அவசர நிலை. அப்போது அவர்களைத் தனியே விடக் கூடாது, ஒரு நிமிடம்கூட. உதவி எண்ணையோ அவசர மருத்துவ உதவியையோ அழையுங்கள், மருத்துவமனைக்குக் கூடவே போங்கள். எண்ணம் இருக்கிறது, திட்டம் இல்லை என்றாலும் சில நாட்களுக்குள் மருத்துவரைப் பார்த்தாக வேண்டும்.

வீட்டில் உள்ள மருந்துகள், பூச்சிக்கொல்லிகள் போன்றவற்றைப் பூட்டிவையுங்கள், அல்லது வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள். சாக வேண்டும் என்ற வேகம் பலருக்குக் கொஞ்ச நேரமே உச்சத்தில் நிற்கும். அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருப்பதே உயிரைக் காக்கும். இலங்கையில் நச்சு மிகுந்த பூச்சிக்கொல்லிகளைப் படிப்படியாகத் தடை செய்த பிறகு, 1995க்கும் 2015க்கும் இடையில் தற்கொலை விகிதம் ஏறக்குறைய 70 சதவீதம் குறைந்தது.

மனசு கொஞ்சம் அடங்கியிருக்கும் வேளையில் ஒரு பாதுகாப்புத் திட்டம் எழுதலாம். பார்பரா ஸ்டான்லி, கிரிகரி பிரவுன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் உருவாக்கிய எளிய முறை இது, ஒரே தாளில் அடங்கிவிடும். கெட்ட நேரம் வருவதை எதை வைத்துத் தெரிந்துகொள்வேன், அப்போது நானே என்ன செய்துகொள்வேன், எங்கே போனால், யாரோடு இருந்தால் கவனம் மாறும், யாரிடம் உதவி கேட்பேன், எந்த மருத்துவரை, எந்த எண்ணை அழைப்பேன், சுற்றியுள்ள எதை அப்புறப்படுத்துவேன். பிள்ளையே தன் கையெழுத்தில், தன் வார்த்தைகளில் எழுத வேண்டும். முடிந்தால் ஆலோசகரோடு சேர்ந்து எழுதுவது நல்லது. "இனிமேல் செய்ய மாட்டேன்னு சத்தியம் பண்ணு" என்று கேட்பதால் பயனில்லை. சத்தியம் வாங்கினால் நமக்குத்தான் நிம்மதி. அடுத்த முறை எண்ணம் வரும்போது, சத்தியத்தை மீறியதாக ஆகுமே என்று பிள்ளை சொல்லாமல் மறைத்துவிடும்.

6. ரகசியம்

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லு, அப்பதான் சொல்வேன்." இந்த நிபந்தனை கட்டாயம் ஒருநாள் வரும். ஆசையில் தலையாட்டிவிடாதீர்கள். "நீ சொல்றதை ஊருக்கெல்லாம் சொல்ல மாட்டேன். ஆனா உன் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்துன்னு தெரிஞ்சா, உதவி செய்யக்கூடிய ஒருத்தர்கிட்ட சொல்லியாகணும். யார்கிட்டன்னு உன்கிட்ட கேட்டுட்டுத்தான் சொல்வேன்." இப்படி முன்பே சொல்லிவிட்டால் சிலர் தயங்குவார்கள். ஆனாலும் சொல்வார்கள்.

இது இளையோருக்கு இன்னும் முக்கியம். கஷ்டத்தில் இருக்கும் 15 வயதுப் பிள்ளை முதலில் இன்னொரு 15 வயதுப் பிள்ளையிடம்தான் போகும். ஆஸ்திரேலியாவில் 2000இல் பெட்டி கிச்சனரும் டோனி ஜோர்மும் தொடங்கிய மனநல முதலுதவிப் பயிற்சி இன்று பல நாடுகளில் நடக்கிறது. அதில் பதின்பருவத்தினருக்கென்றே தனி வகுப்பு உண்டு. நண்பனுக்கு ஆபத்து என்றால் நம்பகமான ஒரு பெரியவரிடம் சொல்ல வேண்டும் என்பது அதன் மையப் பாடம். உங்கள் குழுவில் உள்ள பிள்ளைகளிடமும் இதைத் தெளிவாகச் சொல்லுங்கள்: நண்பன் கோபித்துக்கொள்வான், பரவாயில்லை, கோபித்துக்கொள்ள அவன் இருக்க வேண்டும்.

7. மருத்துவரிடம்

"உன்னை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்" என்றால் மிரட்டல் மாதிரி இருக்கும். "இதுல பழக்கமுள்ள ஒருத்தர்கிட்ட கேட்போமா? முதல் தடவை நானும் வர்றேன். உனக்குப் பிடிக்கலைன்னா வேற ஒருத்தரைப் பார்ப்போம்" என்று சொல்லுங்கள். ஆலோசகர் பேசி உதவுவார், மனநல மருத்துவர் தேவைப்பட்டால் மருந்தும் தருவார். மனச்சோர்வுக்கான மருந்து வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். தொடக்கத்தில் இளையோரைக் கூடுதலாகக் கண்காணிக்க வேண்டும், பதற்றமோ தற்கொலை எண்ணமோ கூடினால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நன்றாக ஆகிவிட்டது என்று மருந்தைத் தானாக நிறுத்தக் கூடாது. மருத்துவர் பிள்ளையிடம் தனியாகப் பேச விரும்பினால் பெற்றோர் வெளியே இருங்கள், வெளியே வந்ததும் "என்ன கேட்டாங்க, என்ன சொன்ன?" என்று கேட்காதீர்கள்.

8. சுற்றிலும் ஆட்கள் வேண்டும்

ஒருவரே ஒரு பிள்ளையைத் தாங்க முடியாது. நீங்கள் ஊரில் இல்லாத நாளில் கஷ்டம் வரும். அதனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பேசக்கூடிய பெரியவர்கள் இரண்டு மூன்று பேராவது இருக்கப் பாருங்கள், அதில் ஒருவர் வீட்டுக்கு வெளியே இருப்பவராக இருக்கட்டும். அத்தை, மாமா, பயிற்சியாளர், பழைய ஆசிரியை, யாராகவும் இருக்கலாம். "உனக்கு என்கிட்ட சொல்ல முடியாத விஷயம்னா யார்கிட்ட சொல்வே?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வந்தால் நிம்மதி. வராவிட்டால் அந்த ஆளைத் தேடித் தருவதுதான் உங்கள் அடுத்த வேலை.

இளையோர் குழு ஒன்று தொடங்க விரும்பினால், சிறியதாகத் தொடங்குங்கள். எட்டுப் பத்துப் பேர், மாதம் இரண்டு முறை, ஒரே இடம், ஒரே நேரம். "மனநலக் குழு" என்று பெயர் வைத்தால் வெளியே நிற்பவர்கள் உள்ளே வர மாட்டார்கள். படம் வரைவது, பந்து விளையாடுவது, நடப்பது என்று ஏதாவது செய்வதற்காகக் கூடுங்கள். பேச்சு அதன் நடுவே வரட்டும். விதிகளை அவர்களே சொல்லட்டும். நீங்கள் இரண்டை மட்டும் சேருங்கள். இங்கே கேட்டது வெளியே போகக் கூடாது, உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விதிவிலக்கு. பேசியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை. "இன்னைக்கு எப்படி இருக்க?" என்று சுற்றி வரும்போது ஒன்றிலிருந்து பத்துக்குள் ஒரு எண் சொன்னால்கூடப் போதும். எண்ணைச் சொல்பவர்கள் சில வாரத்தில் காரணத்தையும் சொல்லத் தொடங்குவார்கள். கூட்டத்தில் எப்போதும் பெரியவர்கள் இரண்டு பேர் இருங்கள். ஒருவர் மனம் உடைந்து வெளியே போனால் இன்னொருவர் பின்னால் போக வேண்டும். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு பூட்டிய அறையில் தனியே இருக்கக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம்.

தற்கொலையைப் பற்றிக் குழுவில் பேச்சு வந்தால், யார் எப்படிச் செய்துகொண்டார் என்ற விவரத்துக்குள் போக விடாதீர்கள். அந்த விவரங்கள் மற்றவர்களைத் தூண்டக்கூடும். அந்த எண்ணத்திலிருந்து ஒருவர் எப்படி மீண்டார், யார் உதவினார்கள் என்ற பக்கம் பேச்சைக் கொண்டுபோங்கள். ஆஸ்திரியாவில் செய்தித்தாள்களை ஆராய்ந்து 2010இல் வெளியான ஓர் ஆய்வு, நெருக்கடியைத் தாண்டி வந்தவர்களைப் பற்றிய செய்திகள் வந்ததைத் தொடர்ந்து தற்கொலைகள் குறைந்திருந்ததைக் கண்டது. குழுவில் மூத்த ஒருவர், தான் உதவி கேட்டுப் போன கதையைச் சொல்வதற்கு அதே பலன் உண்டு என்று நான் நம்புகிறேன்.

9. உங்களுக்கும் ஒருவர்

இந்த வேலை செய்பவர்கள் சீக்கிரம் களைத்துப்போகிறார்கள். இரவு எத்தனை மணிவரை பதில் சொல்வீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், அதற்குப் பிறகான நேரத்துக்கு உதவி எண்ணைக் கொடுங்கள். பிள்ளைகளின் பெயரைக் குறிப்பிடாமல் நீங்கள் மனம்விட்டுப் பேச ஒரு ஆள் இருக்கட்டும். எல்லா முயற்சிக்குப் பிறகும் ஒரு பிள்ளையை இழக்க நேர்ந்தால், நீங்களும் ஆலோசகரைப் பார்க்க வேண்டும்.

10. விடாமல் தொடர்வது

ஒரு பிள்ளை மருத்துவமனையிலிருந்து திரும்பிய முதல் சில வாரங்கள் மிக ஆபத்தானவை. எல்லாரும் "இனி பரவாயில்லை" என்று மூச்சு விடும் நேரத்தில்தான் அது தனியாகிவிடுகிறது. சான் பிரான்சிஸ்கோவில் ஜெரோம் மாட்டோ என்ற மனநல மருத்துவர் ஒன்றைச் செய்து பார்த்தார். மருத்துவமனையிலிருந்து வெளியேறி, தொடர் சிகிச்சையும் வேண்டாம் என்று சொன்னவர்களில் ஒரு பகுதியினருக்கு அவ்வப்போது சின்னச் சின்னக் கடிதங்கள் அனுப்பினார். நலமாக இருக்கிறீர்களா, எழுத வேண்டும் என்று தோன்றினால் எழுதுங்கள், அவ்வளவுதான் அதில் இருக்கும். கடிதம் பெறாதவர்களைவிடப் பெற்றவர்களிடையே முதல் இரண்டு வருடங்களில் தற்கொலைகள் குறைவாக இருந்தன.

இதைச் செய்ய யாருக்கும் படிப்பு தேவையில்லை. "இன்னைக்கு உன் ஞாபகம் வந்தது. பதில் போடணும்னு இல்லை" என்று ஒரு மெசேஜ். முதல் மாதம் வாரத்துக்கு இரண்டு முறை, பிறகு வாரம் ஒருமுறை, அதற்கப்புறம் மாதம் ஒருமுறை. பதில் வராவிட்டாலும் நிறுத்தாதீர்கள், பதில் ஏன் வரவில்லை என்றும் கேட்காதீர்கள். தேர்வு முடிவு வரும் நாள், பிரிவு நடந்த நாள், இறந்துபோன ஒருவரின் நினைவு நாள் போன்றவற்றைக் காலண்டரில் குறித்துவையுங்கள். அந்த நாட்களில் மெசேஜோடு நிற்காமல் போன் செய்யுங்கள், முடிந்தால் நேரில் போங்கள். குழுவுக்கு வந்துகொண்டிருந்த ஒருவர் தொடர்ந்து இரண்டு கூட்டத்துக்கு வரவில்லை என்றால், மூன்றாவது கூட்டத்துக்கு முன்பே யாராவது ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். யார் போவது என்பதை அன்றைக்கே, அந்த அறையை விட்டு எழுந்திருக்கும் முன் பெயர் சொல்லி முடிவு செய்துகொள்ளுங்கள்.